வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்

எழுந்து நிற்க முடியாத ஒருவருக்குச் சேலை உடுத்துவது எப்படி என்று இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டிருந்தீர்கள். அது கைப்பழக்கம். ஒரு பின்னேரம் கூட நின்று பார்த்தால் பிடிபட்டுவிடும். கொஞ்சப் பேருக்கு உடுத்திய பிறகு உங்கள் கை என் கையைவிட வேகமாகப் போகும். அதற்கு நான் ஒருநாள் நேரிலேயே வருகிறேன். இங்கே எழுதுவது அதைப் பற்றியல்ல. கூட நின்று காட்டித்தர முடியாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வருமுன் ஈஸ்ட் ஹாமில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். எங்கள் சனத்தின் செத்தவீடுகள் லண்டனில் கூடிக்கொண்டு போன காலம் அது. இறந்த பெண்களுக்கு உடுத்திவிட ஒரு தமிழ்ப் பெண் இருந்தால் நல்லது என்று, கிழக்கு லண்டனில் இறுதிச்சடங்கு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம் ஆள் தேடியது. சேலை தெரியும், தமிழ் தெரியும், பயம் இல்லை என்று சொல்லிச் சேர்ந்தேன். முதல் இரண்டும் உண்மை.

எனக்கு வேலையைக் காட்டித் தந்தவர் என்னைவிட வயதில் சிறியவர். இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். அதிகம் பேசமாட்டார். அவரிடமிருந்து நான் எதையெல்லாம் கற்றேன் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. ஒரு மத்தியானத்தை மட்டும் சொல்கிறேன்.

வீதி விபத்தில் இறந்த ஓர் இளம் பெண்ணை அன்று கொண்டுவந்திருந்தார்கள். உடலை ஏற்றி வந்த வண்டியின் சாரதி எங்களோடு சேர்ந்து தூக்கி மேசையில் வைத்தார். போர்வை கொஞ்சம் விலகியது. அவர் அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. தெருவில் சொல்லியிருந்தால் புகழ்ச்சி என்றுகூட யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு வேலை காட்டித் தந்த தோழி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. இந்தப் பிள்ளையின் தாய் முன்னறையில் இருக்கிறார், போய் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள், பிறகு வேலையைத் தொடருவோம் என்றார். அந்த மனிதருக்கு முகம் சிவந்துபோயிற்று. ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லையே, அவளுக்குக் கேட்கவா போகிறது என்றார்.

“கேட்காது. அதனால்தான் சொல்கிறேன்,” என்றார் என் தோழி.

அந்த மனிதர் வெளியே போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். எங்களிடம் எதற்கு என்று என் தோழி நாடியால் மேசைப் பக்கம் காட்டினார். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் எங்களோடு வேலை செய்தார். நல்ல மனிதர், கவனமான மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று வேலை முடிந்து கை கழுவும்போது என் தோழி சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இங்கே வருகிற ஒருவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், அதனால் எதையும் செய்யலாம் என்று முதலில் கைக்குத் தோன்றும், புத்தி கெட முன்னம் கைதான் கெடும் என்றார்.

எங்கள் சனத்தின் செத்தவீடுகளில் கெட்ட வார்த்தை யாரும் சொல்லமாட்டார்கள். வேறு விதமாக வரும். பவுடரைக் கொஞ்சம் கூடப் பூசி நிறமாக்கிவிடுங்கோ என்று ஒரு மாமியார் இறந்த மருமகளுக்காகக் கேட்டார். வாழ்நாள் முழுக்கத் தலைமயிரைக் கட்டையாக வெட்டி வைத்திருந்த ஒரு பெண் வைத்தியருக்குச் சவுரி வைத்துப் பின்னிவிடச் சொல்லித் தம்பிமார் வந்து நின்றார்கள். எல்லாரும் அழுதுகொண்டுதான் கேட்டார்கள். அன்பில்லாமல் கேட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்களுக்கு உடுத்திய என் சக ஊழியர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். அப்பாவை நிறமாக்கிவிடுங்கள் என்று யாரும் கேட்டதாக அவர்களுக்கு நினைவில்லை.

இனி தவமலரைப் பற்றிச் சொல்கிறேன்.

தவமலர் பஸ் ஓட்டியவர். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்து, கடைகளிலும் பள்ளிக்கூடச் சமையலறையிலும் வேலை செய்து, நாற்பது வயதுக்குப் பிறகு பஸ் ஓட்டப் பழகியவர். அந்த வேலையை எடுத்ததில்தான் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்து ஊரே பார்க்கிற வேலை என் மனைவிக்கு வேண்டாம் என்று கணவர் குணரத்தினம் சொல்லியிருக்கிறார். தவமலர் வேலையை விடவில்லை. கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு ஈஸ்ட் ஹாமுக்கு வந்துவிட்டார். கணவர் நகரத்தின் மறுகோடியில், சட்டனில் இருந்தார். விவாகரத்து என்று எதுவும் எடுக்கவில்லை. பிரிந்ததை ஊரில் இருந்த உறவுகளுக்கும் கனடாவில் இருந்தவர்களுக்கும் குணரத்தினம் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே தவமலர் விழுந்தார். இதயம். ஐம்பது தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

எங்கள் முன்னறைக்கு முதலில் வந்தவர் குணரத்தினம். கூடவே அவருடைய தமக்கையும் வந்தார். ஒரு சிறிய பெட்டியில் சிவப்புக் கூறைச்சேலை, சட்டை, பூமாலைக்கு முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டு, எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். தமக்கைதான் பேசினார். மண்டபத்தில் நேரலை வைக்கிறார்கள், ஊரிலும் கனடாவிலும் எல்லாரும் பார்ப்பார்கள், சுமங்கலியாகப் போனவ, அந்த மாதிரிக் குறையில்லாமல் இருக்கவேணும் என்றார். குணரத்தினம் கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய துணிப்பையை எடுத்து மேசையில் வைத்தார். தாலிக்கொடி.

இறந்தவரின் கழுத்தில் இல்லாமல் கணவரின் பையிலிருந்து தாலி வருவதை நான் அதுவரை கண்டதில்லை.

“இது ஆரிட்டை இருந்தது அண்ணை?” என்று கேட்டேன்.

“என்னட்டைத்தான். அவ கழட்டித் தந்திட்டுத்தான் போனவ,” என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே மகள் அபிராமி வந்தாள். இருபதுகளின் நடுவில் இருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. ஆங்கிலத்திலேதான் பேசுவாள். இடையிடையே ‘அன்ரி’ என்றும், ஆத்திரம் வந்தால் ஒன்றிரண்டு முழுத் தமிழ் வசனங்களும் வரும். அவளும் ஒரு பை கொண்டுவந்திருந்தாள். தாயின் பஸ் சீருடை. கறுப்புக் காற்சட்டை, நீலச் சட்டை, மேலங்கி. இதைத்தான் போட வேண்டும் என்றாள்.

எங்கள் முகாமையாளர் வெள்ளைக்காரர், பதமான மனிதர். கணவர், தமக்கை, மகள் மூன்று பேரையும் ஒன்றாக இருத்திவைத்து நிலைமையை விளக்கினார். இந்த நாட்டுச் சட்டப்படி இறந்தவரின் உடல் யாருடைய சொத்தும் அல்ல, யாரும் அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது, ஆனால் உயில் எதுவும் இல்லாதபோது சடங்கை எப்படி நடத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் கணவருக்கு வரும் என்றார். குணரத்தினத்தின் தமக்கை தலையை ஆட்டினார். அபிராமி எழுந்து வெளியே போனாள்.

நான் அவளுக்குப் பின்னால் போனேன். அவள் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்றாள். அம்மாவை அவர்கள் ‘ஒப்ஜெக்டிஃபை’ பண்ணுகிறார்கள் அன்ரி என்றாள். எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தவள். அழுதுகொண்டே எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒரு மனிசியைப் பொருளாக ஆக்குவது என்றால் அவளைக் கேவலமாகப் பார்ப்பது மட்டும் இல்லை. அவளுக்கென்று ஒரு விருப்பம் இருக்கும் என்பதையே நினையாமல் விடுவது. அவளுக்காகத் தானே தீர்மானிப்பது, அவள் வாயாகத் தானே பேசுவது. தன் தேவைக்கு அவளைப் பாவிப்பது. அவளுக்கு நோகுமா என்று கேட்காமல் விடுவது. என்னுடையது என்று சொல்வது. பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டும் அதைச் செய்யலாம் என்றாள்.

என் அறையில் மேசையில் கிடக்கிற எல்லாரும் அப்படித்தான் கிடக்கிறார்கள். விருப்பம் சொல்லமாட்டார்கள், நோகாது, யார் வேண்டுமென்றாலும் பேசலாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு என் கைகளைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மனத்தில் வேறொரு கேள்வியும் வந்தது. கேட்பதா விடுவதா என்று யோசித்தேன். துக்கத்தில் நிற்கிற பிள்ளை. கேட்காமல் விட்டால் நானும் அந்த அம்மாவை நினையாமல் விட்ட மாதிரி ஆகிவிடும் என்றும் பட்டது.

“அம்மா தன்ரை வாயால யூனிபோம் எண்டு சொன்னவவோ, பிள்ளை?”

அபிராமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். முதலில் கோபம் வந்தது. அம்மா அந்த வேலைக்காகத்தானே எல்லாத்தையும் விட்டு வந்தா, ஆம்பிளையள் ஓட்டுகிற பஸ்ஸை ஓட்டினா, நேரலையில் எல்லாரும் அதைப் பார்க்கட்டும் என்றாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

“இல்லை அன்ரி. அம்மாக்கு என்ன விருப்பம் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை.”

அம்மா என்றால் வேலைக்குப் போறவ, சோறு வைத்துவிட்டுப் போறவ, வந்து படுக்கிறவ என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். லீவு நாளிலும் ஓவர்டைம் என்று போய்விடுவா என்றாள். அம்மாவுக்குப் பிடித்த நிறம்கூடத் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் கண்ட துயரங்களில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் சேலைப் பெட்டி, மறுபக்கம் சீருடைப் பை. இரண்டுக்கும் நடுவே கிடப்பவரைப் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் பதில் தெரியவில்லை. நான் அபிராமியையும் குணரத்தினத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவள் தாயோடு இருந்தவள், தாய்க்காக அழுதவள். அவள் கேட்காமல் விட்டதற்கும் அவர் கேட்காமல் விட்டதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் எனக்கு உடுத்த வேண்டியிருந்தது தவமலருக்கு. அவரைத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அடுத்த நாள் அப்படி ஒருவர் தானாகவே வந்தார். எஸ்தர் என்று பெயர். கானாவில் பிறந்தவர், தவமலரோடு அதே பஸ்களை ஓட்டியவர். வேலையிடத்தில் தவமலரின் லொக்கரில் கிடந்த பொருட்களை மகளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். மகள் வரும்வரை என்னோடு இருந்தார். பையில் ஒரு தேநீர்க் குவளை, ஒரு துவாய், றப்பர் தொப்பி ஒன்று, ஒரு பருத்திக் கவுன் இருந்தன. நீலத்தில் சின்ன வெள்ளைப் பூப் போட்ட, தொளதொளத்த கவுன். நீச்சல்குளத்துத் தண்ணீரின் மணம் அதில் இன்னும் இருந்தது.

தவமலர் லீவு நாட்களில் ஓவர்டைம் செய்யவில்லை. நீந்தப் போயிருக்கிறார்.

எஸ்தர்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனவர். பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கிய நேரம். ஆரம்பத்தில் தவமலர் கரைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாராம். பிறகு மெல்லமெல்ல விட்டிருக்கிறார். நீந்தக் கடைசிவரை சரியாக வரவில்லை. மல்லாந்து மிதக்க மட்டும் வந்தது. முதல் தடவை அப்படி மிதந்துவிட்டு எழுந்து வந்தவர், காதுக்குள்ளே தண்ணீர் போனதும் ஒருவருடைய குரலும் கேட்கவில்லை என்று எஸ்தரிடம் சொன்னாராம். அதற்காகத்தான் தொடர்ந்து வந்தார் என்று எஸ்தர் நினைக்கிறார். பஸ்ஸில் இருந்தால் ஏறுகிற எல்லாரும் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், ஏசுகிறார்கள். வீட்டில் சோறு வேண்டும். அந்தத் தண்ணீரில் மட்டும் அவரிடமிருந்து யாருக்கும் ஒன்றும் தேவையாக இருக்கவில்லை. மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வெட்கம்தான் என்றார் எஸ்தர். இந்த வயதில் விளையாடப் போகிறேன் என்று மகள் நினைப்பாள் என்றாராம். சீருடையைப் பற்றியும் கேட்டேன். எஸ்தர் சிரித்தார். வேலை முடிந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு அந்தக் கவுனைப் போடுவாராம். இடுப்பில் இறுக்குகிறது என்று ஒவ்வொரு நாளும் முறைப்பாடாம்.

இப்போது நான் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

கவுனை உடுத்தி அனுப்ப எனக்கு உரிமை இல்லை. கணவர் சொன்னதைச் செய்யாமல் விட்டால் நானும் தவமலருக்காகத் தீர்மானிக்கிற இன்னொரு ஆள்தான். கவுனில்தான் போகவேண்டும் என்று அவர் எஸ்தரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாமல் சேலைக்கு உள்ளே அதைப் போட்டு விடலாமா என்று, பையை வாங்க வந்த அபிராமி கேட்டாள். அதற்கும் நான் உடன்படவில்லை. குடும்பத்துக்கு மறைத்து எதையும் செய்யாதீர்கள். ஒருமுறை மறைத்தால் அடுத்தமுறை உங்களை எவரும் நம்பமாட்டார்கள். அப்போது பாதிக்கப்படுவது மேசையில் கிடப்பவர்தான்.

நான் குணரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நாளைக்கு எல்லாம் அவர் சொன்னபடி நடக்கும், அதற்கு முதல் இன்றைக்கு ஒரு பின்னேரம் மகள் தாயோடு இருக்க விரும்புகிறாள், தாய்க்கு அவருடைய சொந்த உடுப்பைப் போட்டு வைக்கிறோம் என்று சொன்னேன். நேரத்துக்கு ஆயத்தமாக இருந்தால் சரி என்றார். என்ன உடுப்பு என்று அவர் கேட்கவில்லை.

அந்தப் பின்னேரம் தவமலருக்கு நீலக் கவுனைப் போட்டோம். நானும் எஸ்தரும் அபிராமியும். முகத்தில் பவுடர் இல்லை, பொட்டு இல்லை. எஸ்தர் ஒரு கதிரையில் இருந்து, குளத்தில் நடந்ததெல்லாம் சொன்னார். கம்பியை விடமாட்டேன் என்று அடம்பிடித்தது, தொப்பிக்குள் தலைமயிர் அடங்காமல் பட்ட பாடு, மிதந்துகொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தது. அபிராமி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு கட்டத்தில் அவளும் சிரித்தாள். பிறகு ஏங்கி ஏங்கி அழுதாள். எனக்கு ஏன் அம்மா சொல்லவில்லை என்று தாயிடமே கேட்டாள்.

நேரம் வந்தபோது கவுனைக் கழற்றினோம். அபிராமி வெளியே போகமாட்டேன் என்றாள். கூறைச்சேலையின் கொசுவத்தை அவள்தான் பிடித்தாள். பிடிக்கத் தெரியவில்லை. நான் காட்டிக்கொடுக்கக் கொடுக்கப் பிடித்தாள். கவுனை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குணரத்தினம் வந்தார். சேலையைப் பார்த்துத் திருப்திப்பட்டார். தாலி ஏன் இன்னும் துணிப்பையிலேயே இருக்கிறது என்று கேட்டார். இரவு முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“சேலை நீங்கள் சொன்னபடி உடுத்திட்டன் அண்ணை. தாலியை என்னாலை போடேலாது. அவ தன்ரை கையாலை கழட்டினது. திரும்பப் போடுங்கோ எண்டு அவ சொல்லேல்லை. உங்களுக்குப் போடவேணுமெண்டா உள்ளை போய் நீங்களே போடுங்கோ. நான் தடுக்கமாட்டன்.”

முகாமையாளரிடம் முறையிடுவார் என்று எதிர்பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். வெகுநேரம் கழித்து, கண் சிவந்து, யாரையும் பாராமல் வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். தாலிக்கொடி தவமலரின் கழுத்தில் இல்லை. கைகள் கோத்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், சேலையின் மேல் கிடந்தது. போடவும் முடியாமல் திருப்பி எடுக்கவும் முடியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் அதைத் தொடவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நல்லபடியாக முடிகிற கதைகளை நாங்கள் தேத்தண்ணீர் குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்ததும் குணரத்தினத்தின் தமக்கை குனிந்து பார்த்தார். நேரலைக்காரர் இன்னும் கமெராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். தமக்கை தாலிக்கொடியை எடுத்து, தவமலரின் தலையை ஒரு கையால் சற்று உயர்த்தி, மறுகையால் கழுத்தைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டினார். பயணப் பெட்டியைப் பூட்டுகிற மாதிரி, ஒரு கணத்தில். தாலி வெளியே தெரிகிறதா என்று பார்த்து இழுத்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. தன் தம்பியின் மானத்தைக் காப்பாற்றினார். தன் கழுத்திலும் ஒரு தாலிக்கொடி போட்டிருந்தார். குணரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார். அபிராமியும் பார்த்தாள். நான் வாகனத்தோடு வந்த ஊழியர், மண்டபத்தின் பின்சுவரோடு நின்றேன். அந்த இடத்தில் பேச எனக்கு இடமில்லை. அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்கவே முடியாத அந்தக் கொக்கியின் சின்னச் சத்தம் அன்று இரவு முழுக்க என் காதில் இருந்தது.

சனம் வரிசையாக வந்து பார்த்தது. மகாலட்சுமி மாதிரி இருக்கிறா என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். பூவோடும் பொட்டோடும் போகக் கொடுத்துவைத்தவ என்றார்கள். பிரிந்து வாழ்ந்தது தெரிந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

பிறகு பேசுவதற்கு மகளைக் கூப்பிட்டார்கள். அபிராமி ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். தகப்பனையும் அவருடைய தமக்கையையும் எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். கேட்டிருந்தாலும் நான் அவளைக் குறைசொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அவள் கையில் தாள் இல்லாமல் போய் நின்றாள். தமிழில் பேசினாள். தட்டுத் தடுமாறித்தான் பேசினாள்.

“என்ரை அம்மா தண்ணியிலை மிதப்பா. உங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நேற்றுத்தான் தெரியும்.”

எஸ்தர் சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை, தொப்பியை, கூரையைப் பார்த்துச் சிரித்ததை, காதுக்குள் தண்ணீர் போனதும் ஒருவருடைய குரலும் கேட்கவில்லை என்று சொன்னதை. அம்மாவைப் பற்றித் தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மிச்சத்தைக் கேட்க இனி முடியாது என்று சொல்லிவிட்டு வந்து இருந்தாள். கை தட்டுகிற இடமும் இல்லை, அழுகிற மாதிரியான பேச்சும் இல்லை. சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இந்தமுறை சேலையைப் பார்க்கவில்லை என்று எனக்குப் பட்டது. பட்டதுதான். நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது.

உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். குடும்பம் உங்களிடம் ஒரு பையைக் கொண்டுவந்து தரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், சொன்னபடி உடுத்துங்கள், சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் வாங்குகிற நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். இவவுக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். அநேகமாகப் பதில் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் கைக்கு அந்தக் கேள்வி தேவை. உங்கள் கையால் செய்யக்கூடாத ஒன்றைச் செய்யச் சொன்னால், அதைமட்டும் மெதுவாக மறுத்துவிடுங்கள். நீங்கள் மறுத்தால் வேறொரு கை வந்து செய்துவிடும். என் அனுபவத்தில் செய்தது. அதற்காக உங்கள் கையால் நடந்ததாக ஆகாது.

தகனம் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தபோது நான் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அபிராமியும் எஸ்தரும் தள்ளி ஒரு மரத்தின் கீழ் நின்றார்கள். குணரத்தினம் தனியாக என்னிடம் நடந்து வந்தார். தாலியைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“தங்கச்சி, அவ எங்கை நீந்தப் போனவ?”

எந்தக் குளம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. மகளைக் கேளுங்கோ அண்ணை என்றேன். அவர் மரத்தடிப் பக்கம் பார்த்தார். ஓரடி எடுத்தும் வைத்தார். அப்போது காருக்குள் இருந்து தமக்கை கூப்பிட்டார், வீட்டுக்குச் சனம் வந்துவிடும் என்று. அவர் திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.